மூணு பாலம்

ஐயோ அத எடுக்காதீங்க புன்மாக்கா, அது இனிக்கும். தைவான்காரங்க நாக்குக்குன்னு சக்கரையப் போட்டு அடைக்கிறது அது. நம்ம ஊர் ஆளு வாயில வச்சா துப்பிருவான். அதுக்குக் கீழத் தட்டுல, இன்னும் குனிங்க, ஆ, மூடி துருப்பிடிச்ச மாதிரி இருக்கு பாருங்க, அதான். துரு இல்லக்கா, மீனு. ஊறல் மீனுன்னா மூடிய மீறி நாறணும். விச்சியன் அண்ணனுக்கு அந்த பாட்டில்தான்.

கூடைய என்கிட்ட குடுங்க. நீங்க எடுத்துப் போடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன். அவசரமே இல்ல. டிரைவர் லின்னு வேன வாசல்லதான் போட்டிருக்கான், வெத்தலையப் போட்டுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பான். நாளைக்கு ரெண்டு மணிக்குத்தான உங்களுக்கு ஃப்ளைட்டு? இன்னைக்கு இருட்டுறதுக்குள்ள மூணு பாலத்துக்கும் போயிட்டு வந்துரலாம். ஒரு பாலத்துக்கு ஒரு படையல், ஒரு ஊதுபத்தி, ஒரு கூப்பாடு. பிக்கு அப்படித்தான சொன்னாரு? உங்க புருசன் உயிரு எந்தப் பாலத்துல நின்னுருச்சுன்னு தெரியலன்னா மூணுலயும் கூப்பிடுங்கம்மா, வந்துட்டா கோயிலுக்குக் கூட்டிட்டு வந்து அஸ்திக் கலயத்தோட சேத்துருங்கம்மான்னு. சேக்கலன்னா நீங்க ஊருக்கு, உதோனுக்குத் தூக்கிட்டுப் போறது வெறும் சாம்பல்தான். ஆளு இங்கயே நின்னுருவாரு.

வருவாருக்கா. ஏன் வராம? நீங்க அவ்வளவு தூரத்துலேருந்து வந்து கூப்பிடுறீங்க.

அந்தக் கனவ இன்னொருக்கா சொல்லுங்களேன். ம். இடுப்பளவு தண்ணி. ம். பின்னாடி பெரிய தூணு. பசிக்குதுன்னாரு. யாரும் எனக்குச் சொல்லலன்னாரு. அவ்வளவுதானா? வேற யாரு பேரும் எடுக்கலியா?

இல்ல, சும்மா கேட்டேன். கூட்டாளி பசங்க பேரு ஏதாவது சொல்லிருப்பாரோன்னு.

ஒட்டுற அரிசி அந்தப் பக்கம் இருக்கு. நகந்து வாங்க, ஞாயித்துக்கிழமைன்னா இப்படித்தான், இந்த ஊர்ல இருக்கிற நம்மாளு அத்தன பேரும் ஸ்டேஷனுக்குப் பின்னாடிதான் இருப்பான். முடி வெட்டணுமா இங்க, பாட்டுப் பாடணுமா இங்க, பொண்டாட்டிக்குப் பணம் அனுப்பணுமா இங்க, அதே பணத்த சீட்டாட்டத்துல விடணுமா, மாடிப்படி ஏறினா போதும். கல்லாவுல உக்காந்திருக்காளே, அவ பேருதான் நிப்பா. நம்ம கோரட்டுக்காரிதான். தைவான்காரனக் கட்டி இருவது வருசம் ஆச்சு, இப்ப நம்ம பாஷையவே மூக்குல பேசுவா. பாருங்க, இப்படி. பப்பாளிக்கா வேணும்ம்ம்மா? புதுசுசுசு! இன்னைக்குத்தான் வந்துச்சுசுசு! அந்தப் பப்பாளிக்கா போன ஞாயித்துக்கிழமையும் இதே எடத்துல உக்காந்து என்னையப் பாத்துச்சுக்கா. எனக்கு அத அடையாளம் தெரியும். அதுக்கும் என்னையத் தெரியும்.

சிரிச்சுட்டீங்க! அப்பா. ரெண்டு நாளா உங்க மூஞ்சியப் பாக்க முடியல.

அதத்தான் சொல்லிருப்பாங்க ஃபேக்டரில. மியாவ்னு ஒருத்தி இருக்கா, எல்லார மாதிரியும் பேசிக் காட்டுவான்னு. தண்ணித் திருவிழாவுக்கு வருசா வருசம் என்னையத்தான் மேடையில ஏத்துவாங்க. சாயப் பட்டறை மேஸ்திரி செய்வேன், மொதலாளி லாவ்பான் செய்வேன், லாவ்பானோட நாய செய்வேன். லாவ்பான் கை தட்டிட்டு, நாய மட்டும்தான் சரியா செஞ்சிருக்கன்னாரு. அவரு பரவால்ல. வேற மொதலாளியா இருந்தா உங்களுக்கு டிக்கெட்டு போட்டு வரவழைச்சிருக்க மாட்டான்.

அது வேண்டாம்க்கா. அந்த மூங்கில் குருத்து பாட்டில். மிளகா போட்டது. அண்ணனுக்கு வயித்துப் புண்ணு.

உங்களுக்குத் தெரியாதா? மூணு வருசமா. ராத்திரில பிடிச்சா இப்படிக் குறுக்கிக்கிட்டு, மொழங்கால நெஞ்சோட... பசங்க சொல்வாங்க. டார்மெட்ரில கூட இருக்கிற பசங்க. டாக்டரு காரத்த நிறுத்தச் சொல்லிட்டாரு. அப்புறம் வெள்ளரிக்காயும் அவிச்ச முட்டையும்தான். ஊறல் மீன மட்டும் விடல. அதயும் விட்டா நான் தைவான்காரன் ஆயிருவேன்னு...

சொல்வாரு. எல்லார்கிட்டயும் சொல்வாரு.

ஃபோன்ல சொல்லிருக்க மாட்டாருக்கா, உங்களுக்கு எதுக்குக் கவலைன்னு. போன தடவ லீவுக்கு வந்தப்ப நீங்க இத செஞ்சு போட்டீங்களா? சாப்பிட்டாரா? ரெண்டு தட்டா! பாத்தீங்களா. திரும்பி வந்ததும் பதினஞ்சு நாளு படுத்துட்டாரு. நீங்க செஞ்சது காரணம் இல்ல, அப்படிச் சொல்லல, ஃப்ளைட்டு சாப்பாடு. எடுங்க. நீங்க அதையே எடுங்க. இப்ப என்ன வயித்துப் புண்ணு. வயிறா இருக்கு இனிமே. உங்க கையால அவருக்குப் பழகின ருசியாத்தான் இருக்கணும், அதுக்குத்தான் வருவாரு. ரெண்டு பாட்டிலாவே எடுங்க.

சிவப்பு சோடா மூணு. ஆமா, உயிரோட இருக்கிறப்ப தொட மாட்டாருதான், செத்தவங்களுக்கு அது பிடிக்கும்ங்கிறாங்க. யாரு போய்க் கேட்டுட்டு வந்தான்னு தெரியல. வச்சுருவோம், குடிக்காட்டி லின்னு குடிச்சுருவான்.

அன்னைக்கா? எத்தன தடவ கேப்பீங்க. சொல்றேன், சொல்றதுக்கென்ன.

ஆஸ்பத்திரி ஆத்துக்கு அந்தாண்ட. வேலையில இருக்கிறப்ப மயங்கி விழுந்து, ஆம்புலன்சுல கொண்டு போயி, விடியக்காத்தால நாலு மணிக்கு முடிஞ்சு போச்சு. உங்களுக்கு ஃபோன் பண்ணது நான்தான், ஆபீசுல சொல்லச் சொன்னாங்க. பசங்க எல்லாரும் ஷிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க. யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரிலேருந்து உயிரக் கூட்டிட்டு வரணுமேன்னு பிக்கு சொன்னாரு. எனக்கு அன்னைக்கு லீவு. சரி நான் போறேன்னேன். ஒடம்பு முன்னாடி ஒரு வண்டில போவுது. நானும் லின்னும் பின்னாடி வேன்ல. என் கையில ஒத்த ஊதுபத்தி.

லின்னுக்கு ஒண்ணும் தெரியாது பாவம். அவனுக்கு நம்ம பாஷையில ரெண்டு வார்த்த தெரியும், ரெண்டும் கெட்ட வார்த்த. நான் ஆஸ்பத்திரி வாசல்லயே ஆரம்பிச்சுட்டேன். அண்ணே, வெளிய வர்றோம், படி இருக்கு, பாத்து. அண்ணே, வேன்ல ஏறுங்க, சன்னலோரமா உக்காருங்க. லின்னு திரும்பிப் பின் சீட்டப் பாக்குறான். யாரும் இல்ல. என்னையப் பாக்குறான். அண்ணே, சிக்னல், சிவப்பு விழுந்திருக்கு, நிப்போம். லின்னு மூஞ்சி சுண்ணாம்பாப் போச்சு. அண்ணே, இடது பக்கம் திரும்புறோம். அவன் என்னையப் பாத்தே வண்டிய மரத்துல ஏத்திருப்பான். அப்புறம் சீனத்துல சொன்னேன், டேய், செத்தவங்களுக்கு வழி தெரியாதுடா, தண்ணியத் தாண்ட முடியாது, பாலம் வந்தா பாலம் வருதுன்னு சொல்லணும், இல்லன்னா பாலத்துலயே நின்னுருவாங்க, சாமி கண்ணக் குத்தும்னு. அவனுக்கு ஒடனே புரிஞ்சு போச்சு. அவங்கள்லயும் உண்டாம்.

மொதப் பாலம் வந்துச்சு. நான் சத்தமா, விச்சியன் அண்ணே, பாலம் வருது, கூட வாங்கன்னேன். லின்னு வேகத்தக் கொறச்சுட்டு, அவனும் சொல்றான்க்கா! சீனத்துல! வி-சி-யன் சார், பாலம் சார், பத்திரம் சார், டோல் நான் கட்டிக்கிறேன் சார். அழுதுகிட்டே சிரிச்சேன். அண்ணன் கேட்டிருந்தா அவரும் சிரிச்சிருப்பாரு.

ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவது கோயிலுக்குப் பக்கத்துல வாய்க்கா மேல இருக்கிறது, நாலு தப்படிதான், அதுக்குப் போயி பாலம்னு சொல்லணுமான்னு இருந்துச்சு. ஆனா சொன்னேன். கோயில் வாசல்ல, எறங்குங்கண்ணே, வந்துட்டோம்னும் சொன்னேன்.

மூணுலயும் சொன்னேன்க்கா. நான் என்ன பொய்யா சொல்றேன்?

கோவிச்சுக்கல. நீங்க கேப்பீங்கதான். உங்க புருசன் தண்ணில நிக்கிறாருன்னு கனவு வந்தா யாருதான் கேக்க மாட்டா. ஒருவேள லாரி ஏதாவது ஹாரன் அடிச்சு அவருக்குக் காது கேக்காமப் போயிருக்கலாம். வலது காது அவருக்குக் கொஞ்சம் மந்தம். இடது பக்கம் படுத்தா ஃபோன் அடிச்சாக் கூட... 

ஊதுபத்தி இங்க இருக்கு. பெரிய கட்டு வேண்டாம், சின்னது போதும். காணிக்கை குடுக்கிற மஞ்சள் வாளி ஒண்ணு எடுத்துக்கிருவோம் பிக்குவுக்கு. அதுக்குள்ள என்ன வச்சிருக்கான்னு பாருங்க, சோப்பு, நூடுல்ஸ், டார்ச்சு லைட்டு, மூக்குல உறியுற மருந்து. எல்லா வாளிலயும் டார்ச்சு லைட்டு. பிக்கு ரூம்ல நாப்பது டார்ச்சு லைட்டு இருக்கும், கரண்டு போனா மெழுகுவத்திதான் ஏத்துவாரு.

அண்ணனையா? அவரயும் செய்வேன். செய்யட்டுமா? இல்ல, வேண்டாம்க்கா, இப்பப் போயி. நீங்க கேக்குறீங்கன்னா சரி.

இந்தா, கேன்டீன்ல வரிசையில நிக்கிறது. பேன்ட்ட இப்படி ஏத்தி விட்டுக்கிட்டு, எவர்சில்வர் தட்ட இடுப்புல அடிச்சுக்கிட்டே, அடடடா, இன்னைக்கும் முட்டக்கோசா! இந்தத் தீவுல கோழியெல்லாம் எங்கடா போச்சு, அதுங்களுக்கும் காண்ட்ராக்டு முடிஞ்சுருச்சா!

அந்த நடைதான! தெரியுதா? இடது காலு கொஞ்சம் பின்னாடியே வரும். இருங்க, இன்னொண்ணு. ஃபோன்ல உங்ககிட்டப் பேசுறது. ம்... ம்... ம்... அப்படியா... ம்... மாடு கன்னு போட்டுச்சா... ம்... சரி, அனுப்பிட்டேன்... ம். ஐயோ மெதுவா சிரிங்கக்கா, நிப்பா பாக்குறா. இன்னொண்ணு, இதுதான் சூப்பரா வரும். தூங்கி எழுந்திரிக்கிறது. கண்ணு தொறக்க மாட்டாரு. கை மட்டும் இப்படித் தேடும். ஏய்ய்... சோறு வெந்துருச்சா... இன்னும் அஞ்சே நிமிசம்... அஞ்சு நிமிசம்னா நூறு வரைக்கும் எண்ணு...

என்னக்கா?

அது... கேன்டீன்ல தூங்குவாரு. நைட் ஷிஃப்டு முடிச்சுட்டு மேசையில சாஞ்சுக்கிட்டு. நாங்க எல்லாரும் பாத்திருக்கோமே. எழுப்புனா இப்படித்தான் சொல்வாரு.

உங்ககிட்டயும் நூறு வரைக்கும் எண்ணச் சொல்வாரா.

இல்ல, உங்ககிட்டன்னுதான் சொன்னேன். உங்ககிட்டச் சொல்வாரான்னு.

நிக்காதீங்கக்கா, பின்னாடி ஆளுங்க வர்றாங்க. இந்தப் பக்கம் வாங்க, அரிசி மூட்டைகிட்ட. உக்காருறீங்களா? தண்ணி வாங்கிட்டு வரட்டா? என்னையத் திட்டவாவது செய்யுங்க.

எத்தன வருசம்னு கேக்குறீங்களா. எட்டு. வரப் போற மழைக்காலத்துக்கு எட்டு.

இங்க அது சாதாரணம்க்கா. நீங்க இந்தக் கடையில இருக்கிறவங்களையே பாருங்க. அந்த நீலச் சட்டை, அந்தக் குண்டுப் பொண்ணு, சேந்து கூடைய இழுத்துட்டு வருதுங்களே, அவனுக்கு நோங்காய்ல பொண்டாட்டி, அவளுக்கு சுரின்ல புருசனும் ரெண்டு புள்ளைங்களும். எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரயும் கேக்க மாட்டாங்க. சேரும்போதே பேசிக்கிறதுதான். காண்ட்ராக்டு இருக்கிற வரைக்கும். ஊர்லேருந்து ஃபோன் வந்தா மத்த ஆளு வெளிய போயி நிக்கணும். போற அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு வரக்கூடாது. போனதுக்கு அப்புறம் ஃபோன் பண்ணக்கூடாது. நானும் அப்படித்தான் பேசினேன். பேசினபடி இருந்தேன்க்கா, அந்த ஒரு விசயத்துல என்னைய யாரும் குறை சொல்ல முடியாது. நீங்க ஃபோன் பண்ற நேரமெல்லாம் நான் மாடிப்படியிலதான் உக்காந்திருப்பேன். மாடு கன்னு போட்டது எனக்குக் கதவு வழியாத்தான் தெரியும்.

எனக்கு ஊர்ல யாரும் இல்ல. இருந்தாங்க, போயிட்டாங்க. அது வேற கதை.

போன மாசம் சட்டையெல்லாம் மடிச்சு வச்சுக்கிட்டே சொன்னாரு, ஏப்ரல்ல போறேன், இனி திரும்பி வர மாட்டேன், தண்ணித் திருவிழாவுக்கு வீட்டுல இருப்பேன்னு புன்மாகிட்ட சொல்லிட்டேன்னு. சரின்னேன். வேற என்ன சொல்ல முடியும். பேசினதுதான. அந்தச் சட்டைங்களுக்கு ரெண்டு பொத்தான் கூட தச்சுக் குடுத்தேன். உங்க வீட்டு வாசல்ல அந்தச் சட்டையோட போயி நிப்பாருல்ல, பொத்தான் இல்லாம நின்னா நீங்க என்ன நெனப்பீங்க.

இல்லக்கா, மூணு படையல் வேண்டாம். அந்தச் சோடாவுல ரெண்டத் திருப்பி வச்சுருங்க. மூணு பாலத்துக்கும் போக வேண்டியதில்ல. ரெண்டாவது போதும். பெரிய பாலம்.

ஆமா. தெரியும்.

மறக்கல. நானும் மறந்துட்டேன்னு உங்ககிட்டச் சொல்லிரலாமான்னு ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், ஃபோன் வந்துச்சுன்னு, அழுகைல தெரியலன்னு. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. லின்னு மெதுவாக்கினான். கண்ணாடில என்னையப் பாத்தான். பாலம் பாலம்னு கையக் காட்டினான். பாலம் எவ்வளவு நீளம் தெரியுமாக்கா? நீங்க பாப்பீங்க. பத்து தடவ கூப்பிடலாம். எனக்கு வாய் வரல. வரலன்னு சொன்னா அதுவும் பொய்யி. வாய மூடிக்கிட்டேன். ஊதுபத்தி எரியுறதையே பாத்துக்கிட்டு இருந்தேன். உயிரோட இருந்தப்பவே ஏப்ரல்லேருந்து உங்களுக்குன்னு குடுத்துட்டேன், செத்தும் உங்களுக்கேவான்னு இருந்துச்சு. ஒடம்பு உங்களுக்கு, அஸ்தி உங்களுக்கு, பேரு, ஃபோட்டோ, புள்ளைங்க எல்லாம் உங்களுக்கு. இந்த உயிர மட்டும் நான் வச்சுக்கிறேன்னு. அரை நிமிசம் சும்மா இருந்தாப் போதும், அவ்வளவுதான வேல.

லின்னு கண்ணாடிய வேற பக்கம் திருப்பிட்டு கோயிலு வரைக்கும் ஓட்டினான்.

பன்னெண்டு நாளாச்சு. தெனம் வேல முடிஞ்சதும் பஸ்ஸப் பிடிச்சுப் போறேன். கீழ எறங்குறதுக்குப் படி இருக்கு, மீன் பிடிக்கிறவங்க போற படி. சோறு கொண்டு போவேன், முட்டை, வெள்ளரிக்கா. தூணுகிட்ட வச்சுட்டு உக்காந்திருப்பேன். மேல லாரி போற சத்தம்தான். பேசிப் பாத்தேன். மேஸ்திரி செஞ்சேன், லாவ்பான் செஞ்சேன், நாய் செஞ்சேன். மீன் பிடிக்கிற கெழவரு ஒருத்தரு சிரிச்சாரு. அவ்வளவுதான். புகை கூட நேரா மேல போச்சு, என் பக்கம் திரும்பல. கண்ண மூடிட்டு அவரு குரல்லயே பேசினேன் ஒரு நாளு. அது ரொம்ப தப்பாப் போச்சு, அதுக்கப்புறம் செய்யல.

அங்க யாரும் இல்லன்னுதான் நெனச்சேன். எல்லாம் சும்மா, செத்தா செத்ததுதான், பாலமாவது தண்ணியாவதுன்னு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். முந்தாநேத்து நீங்க வந்து எறங்கி, ஏர்போர்ட்டுல பைய வாங்குறதுக்கு முன்னாடியே அந்தக் கனவச் சொன்னீங்க. இடுப்பளவு தண்ணி, தூணு, யாரும் எனக்குச் சொல்லல. நீங்க அந்தப் பாலத்தப் பாத்ததே இல்லியேக்கா.

அப்ப அங்கதான் இருந்திருக்காரு. நான் சோத்த வச்சுக்கிட்டு பத்தடில உக்காந்திருக்கேன். கடலத் தாண்டி உங்ககிட்ட வந்து பசிக்குதுன்னு சொல்லிருக்காரு.

அழல. அரிசித் தூசி.

எழுந்திரிங்க, வரிசை கொறஞ்சிருக்கு. மூங்கில் குருத்த மேல வைங்க, பாட்டிலு ஒடைஞ்சுரும். கீழ எறங்குறப்ப மூணாவது படி ஆடும், கம்பியப் பிடிச்சுக்கோங்க. நான் வேன்லயே இருந்துக்கிறேன். சத்தமா எல்லாம் கூப்பிட வேண்டாம்க்கா. நீங்க மெதுவாச் சொன்னாலே வந்துருவாரு.